தண்ணீரில் செத்துப்போன பறக்கும் வீரன்

தோணிரேவு மாரி நாற்பத்திரண்டு வயதுவரை யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. வாங்கியது உண்டு, பெரும்பாலும் சினிமாவால். படம் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பார்த்ததை நம்பவும் முடியாது.

போன ஐப்பசியில் மச்சினன் தினகரனோடு பொன்னேரி போய் ஒரு சூப்பர் ஹீரோ படம் பார்த்தார். தினகரன் அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துக்கு ஊர்க்கிளைத் தலைவன். ரயிலையே தூக்கிக்கொண்டு பறந்த நாயகன் மேல், கடைசியில் வில்லன் கடலில் ஓர் இரும்பு வலையை வீசுகிறான். நாயகன் மூழ்கிச் சாகிறான். தியேட்டரே அழுதது.

மறுநாள் காலை ஏரிக்கரையில் வலை உதறும்போது மாரி தொடங்கினார்.

"வலை மேலேர்ந்துதானே வுழுது? பறக்கறவன் எகிறிப் போகாம இன்னாத்துக்குடா நீந்தினான்? நம்ம வலையில மடவை மீனே எகிறிக்கினு ஓடுது."

"அது தியாகம் மாமா. உனுக்குப் புரியாது."

"தியாகம்னா யாராவது பொழைக்கணும். இதுல பொழைச்சவன் வில்லன் ஒருத்தன்தான்."

"வாணாம் மாமா, வுட்டுடு."

"ரயிலைத் தூக்குனவனுக்கு வலை கனமாப்பூட்டுச்சா?"

தினகரன் வீசிய படகு தள்ளும் கோல் முதலில் மாரியின் காதைப் பதம் பார்த்தது. அடுத்த வீச்சில் இரண்டு பற்கள் மணலில் கிடந்தன. அதுவரை யாரையும் தொடாத மாரியின் கை, வலைக்குக் கட்டும் கல்லை எடுத்துத் தினகரனின் புருவத்தைப் பிளந்தது. தினகரன் அவர் தலையை முழங்கால் தண்ணீரில் அமுக்கினான். மூச்சு வாங்கியதால் நிறுத்தினார்களே தவிர, மனம் மாறி அல்ல.

பிறகுதான் உறைத்தது. மறுநாள் அவர்கள் இருவரும் போகும் படகின் பாடு. ஏரியில் இறால் ஏறும் நல்ல இடத்தில் வலை கட்டும் முறை படகுக்கு ஒரு நாளாகச் சுற்றிவரும். அதுதான் பாடு. மழைக்கு இறால் ஏறும் வாரத்தில் வந்தால் மாதச் சாப்பாட்டுக்கு அந்த ஒரு நாளே போதும். ஆனால் ஒரே படகுக்காரர்கள் ரத்தம் வர அடித்துக்கொண்டால் அந்தப் பருவத்துக்குப் பாடு கிடையாது. நடு ஏரியில் ஒருவனை ஒருவன் தள்ளிவிடாமல் இருக்க ஊர் வைத்த கட்டுப்பாடு.

சாயங்காலம் ஊர்த்தலைவர் சம்பந்தம் விசாரித்தார்.

"படகு கவுந்துச்சு பெரிப்பா," என்றான் தினகரன்.

சம்பந்தத்துக்கு எல்லாம் தெரியும். இரண்டு குடும்பம் பட்டினி கிடக்க வேண்டாம் என்று, "சரி, படகுதான் கவுந்துச்சு. எயுந்திருங்க," என்றார். எல்லாரும் எழுந்தார்கள்.

மாரியால் சும்மா இருக்க முடியவில்லை. வீங்கிய வாயோடு கேட்டார்:

"படகு கவுந்தா பல்லு எப்பிடித் தலைவரே கரையில கிடக்கும்?"

கூட்டம் திரும்ப உட்கார்ந்தது. பாடு அடுத்த படகுக்குப் போயிற்று.

தினகரன் அங்கேயே அவர் மேல் பாய்ந்து மிதித்தான். பாடு இழந்தவர்கள் அடித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லாததால், யாரும் விலக்கவில்லை.