வளையாரின் முதல்வாய்

என் மகளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது சாப்பாட்டின் மேலிருந்த நம்பிக்கை அவளுக்கு அடியோடு போய்விட்டது. ஒரு கொண்டாட்ட வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் விடிய விடியச் சத்தி எடுத்தாள். மன்னார் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு பிஸ்கட்டும் தேத்தண்ணீரும் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். கெஞ்சினேன், வெருட்டினேன், ஒன்றும் சரிவரவில்லை. கிளினிக்கில் நிறை பார்த்த டொக்டர், "அடுத்த முறையும் ஏறாட்டி வாட்டிலை மறிச்சு ஊசி போடவேணும்" என்று சொல்லிவிட்டார். ஊசியை நினைத்து அவள் வீடு வரும்வரை அழுதாள்.

பேசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கருவாட்டுக் கொட்டில் உண்டு. அதில் எலிகளின் ஆட்சி. பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சாள், என் கணவரின் அக்கா, தேங்காய்ப்பூவில் எலிமருந்து பிசைந்து வைத்தார். எலிகள் அதை மணந்து பார்த்துவிட்டு நேரே கருவாட்டுக்குப் போய்விட்டன.

"நாசமாய்ப் போறதுகளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று மச்சாள் கத்தினார்.

அவருக்கு எரிச்சல், எனக்குக் கதை. அன்று பின்னேரமே மகளுக்குச் சொல்ல, வளையில் குடியிருக்கும் வளையார் என்ற எலிச் சனத்தை உண்டாக்கிவிட்டேன். கதை கட்டுவதில் எனக்கு நிகர் நான்தான், இதில் அடக்கம் எதற்கு?

வளையார் ஒரு சாண் உயரம். இரண்டு காலில் நடப்பார்கள், எலி என்று கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். கிழிந்த வலைத்துண்டில் உடுப்புத் தைப்பார்கள். மூத்தவர்களோடு கதைக்கும்போது வாலைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தரையில் இழுபட விடுவது மரியாதைக் குறைவு. மாப்பிள்ளை சீதனம் கேட்டால் சபை நடுவே மீசையைக் கத்தரித்துவிடுவார்கள். அந்தச் சட்டம் மட்டும் என் சொந்த ஆசை. கப்பல் தாழப் போகிறதென்றால் முதலில் இறங்கி ஓடுகிறவர்கள் என்று ஊர் அவர்களைப் பழிக்கும். "நாங்கள் இறங்கினதைப் பாத்தெண்டாலும் நீங்களும் இறங்கியிருக்கலாமே" என்பது அவர்களுடைய பதில்.

மகள் சிரித்தாள். சரியான நேரம் பார்த்து முதல்வாயைப் பற்றிச் சொன்னேன். புதிய சாப்பாடு எது கிடைத்தாலும் வளையார் பாய்ந்து விழமாட்டார்கள். வயதில் மூத்தவர் ஒருவர் முதலில் ஒரு வாய் சாப்பிடுவார். அவருக்குத்தான் முதல்வாய் என்று பெயர், ஊரில் அதைவிடப் பெரிய பட்டம் இல்லை. ஒரு இரவு போகவேண்டும். விடியச் சுகமாக எழும்பினாரென்றால் மற்றவர்கள் சாப்பிடலாம்.

"அவர் செத்துப் போனா?"

"மற்ற எல்லாரும் தப்பிடுவினம். அவருக்கு ஊர் கூடிப் பாட்டுப் பாடும்."

"ஏன் அம்மா வயசு போனவர் சாப்பிடவேணும்?"

"அவர் கனகாலம் சாப்பிட்டவர். சின்னாக்கள் இனித்தானே சாப்பிடவேணும்."

"எங்கட வீட்டிலை முதல்வாய் ஆர்?"

"நான்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மறுநாள் மத்தியானம் அவளுக்கு முன்னால் ஒரு வாய் சோறு சாப்பிட்டுக் காட்டினேன். அவள் தன் சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டாள். சட்டம் சட்டம்தானே! விடிந்ததும் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், வயிற்றை அமத்திப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அந்தப் பழஞ்சோற்றைச் சாப்பிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பழஞ்சோறோ புதுச்சோறோ, உள்ளே போனால் சரி.

மீனில்தான் சிக்கல் வந்தது. இன்றைய மீனை நாளைக்குச் சாப்பிடுவதா? கடற்கரையில் இருந்துகொண்டு அந்த அநியாயத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. சட்டம் போட்டவளுக்குத் திருத்தவும் தெரியும். கரையோர வளையார் மீன் விஷயத்தில் ஒரு செபமாலை சொல்லி முடியும்வரை பொறுத்தால் போதும் என்று அறிவித்தேன்.

"எலி செபமாலை சொல்லுமோ? உனக்கென்ன விசரே?" என்றார் மச்சாள்.

"இது வேதக்கார எலி மச்சாள்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் மறுநாள் தொடக்கம் பின்னேரச் செபத்துக்குத் தானே தலைமை தாங்க வந்துவிட்டார். நான் ஒரு துண்டு மீன் சாப்பிடுவேன், மச்சாள் செபமாலை தொடங்குவார், மகள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். சில நாட்களில், "மாமி, கெதியாச் சொல்லுங்கோ, பசிக்குது" என்று அவளே அவசரப்படுத்தினாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் சாப்பிட்டதெல்லாம் என் கைச்சமையல். கொண்டாட்டச் சாப்பாட்டைக் கண்டால் இன்னும் முகம் வெளிறியது. கிளினிக்குக்கு முந்திய ஞாயிறு, இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மைக் கொண்டாட்டம். அங்கிருந்து ஒரு கோப்பை புரியாணி வந்தது. அதையும் பழக்கிவிடலாம் என்ற துணிச்சலில் மேசையில் வைத்து, மகளைக் கூப்பிட்டு, முதல் வாயை அள்ளினேன்.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். நான் என்னவென்று கேட்க முன்னமே குனிந்து என் கையிலிருந்த சோற்றைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடி, மென்று, விழுங்கினாள்.

"நீங்கள் வேண்டாம் அம்மா" என்றாள். "உங்களுக்குப் பாட்டுப் பாட எனக்கு விருப்பமில்லை. நான் சாப்பிட்டிட்டன், இனி நீங்கள் பொறுங்கோ."

அந்தச் சாப்பாட்டை யார் சமைத்தது, எப்போது சமைத்தது, வெயிலில் எவ்வளவு நேரம் இருந்தது, எனக்கு எதுவும் தெரியாது. மச்சாள் செபமாலையை எடுத்தார். எந்த நாளும் வாய்க்குள் முணுமுணுத்து ஒப்பேற்றுகிற நான், அன்றைக்கு மகளின் முகத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு மணியையும் சத்தமாகச் சொன்னேன்.