பிள்ளையாருக்குச் சாத்திய கோரை

எண்பதுகளில் பல ஊர் சுற்றி, செம்பூரில் ஒரு தமிழ் வீட்டில் தோட்டக்காரனாகச் சேர்ந்தேன். புல்தரை முழுக்கக் கோரை. பிடுங்கக் குனிந்ததும் வீட்டம்மா ஓடிவந்தார்.

"அது அருகம்புல்டா, பிள்ளையாருக்கு. கை வச்சே, நாளைலேர்ந்து வராதே."

வேலை போனால் மறுபடி தெருதான். ஒரு தண்டை அவரிடம் கொடுத்து, விரலுக்கிடையில் உருட்டச் சொன்னேன்.

"உருளலையே!"

"அருகுத் தண்டு உருண்டை. கோரைத் தண்டுக்கு மூணு பட்டை இருக்கும்லா, அம்மா."

"அப்போ இத்தனை நாளா கோரையையா சாத்தினேன்?"

"பிள்ளையார் ஒண்ணும் சொல்லலியே."

சிரிப்பை அடக்கியபடி, சதுர்த்திக்குள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்றார். மண்வெட்டியால் கொத்தினால் அறுந்த கிழங்கெல்லாம் முளைக்கும். அதனால் கம்பியால் ஒவ்வொன்றாகத் தோண்டி அடுப்பில் எரித்தேன். மழையில் முளைத்ததை மறுபடி தோண்டினேன்.

சதுர்த்தி காலையில் நான் நீட்டிய அருகம்புல்லை, ஒவ்வொரு தண்டாக உருட்டிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.