மலர் அக்காவுக்காகச் சுரண்டிய மலை

மலர் அக்கா இறந்த செய்தி பதுளை அலுவலகத்துக்கு வந்தபோது மேலதிகாரி கேக் தின்றுகொண்டிருந்தார். "பாவம், நல்ல வேலைக்காரி. வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றவர், தன் வாயைத் துடைத்துக்கொண்டே மலர்வளையத்துக்குச் சொல்லச் சொன்னார்.

அக்காவின் வாயை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மண் ஆய்வு வேலையில் நாங்கள் இருவரும் ஒரே ஜீப்பில் இலங்கையின் ஊவா மலைகளில் அலைந்தவர்கள். அவர் பிறந்தது ஹாலிஎலப் பக்கத் தோட்டமொன்றில். அம்மாவின் வீடு இன்றும் அங்கே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான். லயத்துக்கு மேலே செங்குத்தான தேயிலை மலை.

தேயிலைக்கு நடுவே புல் தெரிந்தால் தோட்டத்துக்கே அவமானமாம். சுரண்டியால் வழித்தெடுப்பார்கள். வழித்த மேல்மண்ணை மழை அள்ளிப் போய் வடிகால் கான்களை அடைக்கும். ஓட வழியற்ற தண்ணீர் மலைக்குள் இறங்கும். உள்ளே பாறை இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது ஒரு காலத்துப் பாறை. வெடிப்புகளில் இறங்கிய தண்ணீர் அதை எப்போதோ களிமண்ணாக்கிவிட்டது. பாறையின் வரிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

"பாறை மலை, அசையாது" என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அடித்துப் பேசிய நாளில், பாதைக்காக வெட்டியிருந்த சரிவிலிருந்து அக்கா ஒரு துண்டைப் பெயர்த்து அவர் கையில் வைத்தார்.

"அமுக்குங்க சார்."

மாவாக உதிர்ந்தது.

"இதுதான் உங்க பாறை. புல்லு இதுக்குப் போர்வை. உருவாதீங்க."

துரை சட்டையில் கையைத் துடைத்தார். "ஐயோ, வெள்ளச் சட்ட! வீட்ல நல்லா வாங்கப் போறாரு" என்று கொழுந்து பறித்த பெண்கள் சிரித்தார்கள். பல மாதச் சண்டைக்குப் பிறகு அந்த மலையில் மட்டும் புல்லை விட்டுவைத்தார்கள்.

இறுதி ஊர்வலம் அந்த வழியாகத்தான் போனது. மலை மொட்டையாக இருந்தது.

"பாருங்க தம்பி, அக்கா போற வழி. ஒரு புல்லு கெடையாது. நேத்தே ஆள் போட்டுச் சுரண்டிட்டோம்" என்றார் கங்காணி. அவர் கண் கலங்கியிருந்தது. மரியாதையாம்!

அடக்கம் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. லயத்து வாசலில் மலை மண்ணைக் கரைத்துக்கொண்டு செந்தண்ணீர் ஓடியது. மலை சரியலாம், சாமானை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கத்தினேன்.

"எழவு வீட்டுல என்னாங்க தம்பி சத்தம்?" என்றார் ஒருவர்.

அக்காவின் அம்மாதான் முதலில் எழுந்தார். "மலரு இருந்தா இதவிட அசிங்கமா கத்தியிருப்பா. எந்திரிங்கடி!"

எல்லோரும் போனார்கள். இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். மலை இதுவரை விழவில்லை. அதனால் துரை தினமும் எனக்குப் போன் எடுக்கிறார்: "ஒண்ணும் ஆகலயே, ஆளுங்கள அனுப்புங்க. கொழுந்து முத்துது."

வேறொரு தோட்டத்தில், இப்படிப் பேசிய இன்னொரு துரையிடம் அக்கா ஒரு கேள்வி கேட்டார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது மட்டும்தான். இன்று காலையும் இந்தத் துரையிடம் அதைக் கேட்டேன்.

"அடுத்த மழைக்கு உங்க புள்ளைய இந்த லயத்துல படுக்க வைப்பீங்களா சார்?"

துரை போனை வைத்துவிட்டார்.