விசில் ஊதாத கண்டக்டர்

ஏசுபாதம் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி கிளம்பும். ஒரு தட்டு என்றால் நிற்கும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் காலை வண்டியின் கண்டக்டர் அவர். மற்றவர்கள் விசிலை வாயிலேயே வைத்திருப்பார்கள். இவருடையது சட்டைப் பையை விட்டு வெளியே வராது. "எங்காளு வாயால ஊத மாட்டாரு, கையாலதான் ஊதுவாரு" என்பார் டிரைவர் தேசப்பன்.

நாலு வருஷமாக நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது அந்த வண்டியில்தான். திருக்கழுக்குன்றம் என்ற பெயர் அவருக்கு ஒரே மூச்சில் வராது. "குன்றம், குன்றம்" என்பதோடு சரி. வழியை அடைத்து நிற்பவர்களை அதட்ட மாட்டார். தோளில் ஒரு விரலால் தொடுவார். டிக்கெட் கொடுத்து முடித்ததும் கடைசி சீட்டின் முதுகில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு வெளியே பார்ப்பார். வயலை வேடிக்கை பார்க்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வயது நாற்பத்து நாலு. இருமல் கேட்டால் அறுபது சொல்லலாம். கூடைக்காரிகள் கரிசனமாக, "பீடியக் கொறைச்சிக்கோ நைனா" என்பார்கள். "வாயில பீடி பட்டதே இல்லம்மா" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, கொறைச்சிக்கறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"இல்லன்னு சொல்றதுக்கும் மூச்சு வேணுமே சார்."

போன ஐப்பசியில் ஒருநாள் திருக்கழுக்குன்றத்தில் வண்டி மேலிருந்து நிலக்கடலை மூட்டை இறக்க ஏணியில் ஏறினார். பாதி ஏணியில் நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. தேசப்பன் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினார். அன்று சாயந்திரம் நாங்கள் இருவரும் அவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

டாக்டர் வசுமதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவரும் முதலில் அதைத்தான் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?"

ஏசுபாதம் விரல்களை நீட்டிக் காட்டினார். பீடிக் கறை இல்லை. டாக்டர் ஒரு தீக்குச்சியைக் கிழித்து அவர் முகத்துக்கு அரைச்சாண் தள்ளிப் பிடித்தார். "உதட்டைக் குவிக்காம, வாயைத் திறந்து வச்சே ஊதுங்க." ஊதினார். சுடர் லேசாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. இரண்டாவது குச்சியும் டாக்டரின் விரல் வரை எரிந்துதான் அணைந்தது.

அதன்பிறகு, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "சின்ன வயசுல எங்க வளர்ந்தீங்க?"

"சதுரங்கப்பட்டினம் பக்கம், கிளிஞ்சல் சூளையில. எங்கம்மா சுண்ணாம்பு சுட்டுகினு இருக்கும். வூட்ல வுட்டா என்னிய யாரு பாக்கறது? கூடையில போட்டு சூளையாண்டயே வெச்சிக்கும். மூணு வயசுல கக்குவான் வந்து மாசக்கணக்கா இழுத்துகினு கெடந்தேனாம். பொழச்சதே பெருசும்பாங்க. அப்பால நல்லாத்தான் இருந்தேன். ஆனா ஓட்டத்துல மட்டும் ஒருத்தனையும் ஜெயிச்சதில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நுரையீரல் வளர வேண்டிய வயசுல அடிபட்டிருக்கு. அப்போ வளராதது இனிமே வளராது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். புகையும் தூசியும் ஆகவே ஆகாது."

"அப்போ எங்கம்மா தப்பா, டாக்டர்?"

"இல்லீங்க. பிள்ளையைத் தனியா விட மனசில்லாம பக்கத்துல வச்சிருந்தாங்க. அவ்வளவுதான்."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அம்மா போயி பதினோரு வருசம் ஆவுது. நல்லவேளை சார். இத்தக் கேட்டா தாங்கியிருக்காது."

வண்டி வேலை போயிற்று. டிப்போவில் டிக்கெட் கட்டுகளை எண்ணி அடுக்கும் அறையில் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். சம்பளம் குறையவில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவருக்குத்தான் அந்த அறை ஒத்துவரவில்லை. "வண்டியில இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் தெரியாது. இங்க நாளெல்லாம் என் மூச்சுதான் கேட்டுகினு கீது. பேஜாரா கீது சார்."

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிப்போவுக்கு அவர் எழுத வேண்டிய மனு ஒன்றை எழுதித் தர அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, அதன் மூலையில் சமையல். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சாந்தாவின் நாலு மாதக் குழந்தை அடுப்புக்கு எதிரே தூளியில் கிடந்தது. மனைவி எல்லம்மாள் மழையில் நனைந்த சவுக்கு மிளாறை அடுப்பில் செருகி ஊதிக்கொண்டிருந்தார். கூரைக்குக் கீழே புகை போக வழியில்லாமல் சுற்றியது. நாங்கள் மனுவின் மூன்றாவது வரியில் இருந்தோம். தூளிக்குள் குழந்தை இருமியது. சின்ன இருமல்தான். வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏசுபாதம் எழுந்து கதவு மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்தார். அடுப்புக்கு மேலே, மண்சுவரில் ஓங்கிக் குத்தினார்.

"இன்னாய்யா பண்றே? மழைக்காலம்! சாரல் பூரா உள்ள அடிக்கும்!" என்று எல்லம்மாள் கத்தினார்.

"அடிக்கட்டும். சாந்தா, புள்ளையத் தூக்கினு வெளிய போ."

மூன்று குத்து. பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மார்புக் கூடு ஏறி இறங்கியது. எழுந்து மறுபடி மூன்று குத்து. நான் கடப்பாரைக்குக் கை நீட்டினேன். "நீங்க குந்துங்க சார்" என்றார். எல்லம்மாள் உதிர்ந்த மண் உலையில் விழாமல் பானையை மட்டும் தள்ளி வைத்தார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. முறத்தளவு ஓட்டை வழியாகக் கார்த்திகை மாதத்து மங்கிய வெளிச்சம் உள்ளே வந்தது. ஏசுபாதம் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, மண் அப்பியிருந்த கையை அந்த ஓட்டைக்குள் நுழைத்து விரல்களை விரித்தார். விரல்களுக்கு இடையே புகை வெளியே போகிறதா என்று பார்த்தபடி அப்படியே நின்றார்.