நுதல் என்றாள் அம்மா

ஆபீஸ் கேன்டீனில் யாரோ டம்ளரைக் கரண்டியால் தட்டினார்கள். கேட்டதும் நான் 1996 ஜூலைக்கு நழுவிவிட்டேன். காக்ஸ் டவுன் வீட்டில், தூறலும் காபி மணமும் கலந்த ஞாயிறு மாலைகளில், அப்பாவின் நண்பர்கள் கூடிக் கவிதை படிப்பார்கள். பழக்கமில்லாத சொல் வந்தால் கேட்பவர் டம்ளரைத் தட்டுவார். எழுதியவர் அதை மாற்ற வேண்டும், இல்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிறன்று அம்மா முதன்முறையாகப் படித்தாள். காய்ச்சலில் இறந்துபோன என் தங்கையைப் பற்றிய கவிதை. ‘உன் நுதல்’ என்றதும் அப்பாவே தட்டினார்.

“பெரிய புலவரம்மா! நெத்தின்னே எழுத வேண்டியதுதானே?”

“நெத்தின்னா இப்பவும் கை சுடுதுங்க. இப்படி எழுதினாதான் என்னால படிச்சி முடிக்க முடியும்.”

அப்பா மெல்ல, “மாத்தாதே, படி” என்றார்.