சின்னத்தை அறுத்த டென்சா

"டென்சா அத்தை போலீஸா?"

பள்ளிக்குப் போகும் வழியில் எட்டு வயது மரிபெல் என்னிடம் கேட்டாள். நான் பள்ளியைப் பாதியில் விட்டு, டெக்சாஸில் எங்கள் ஊர் நெடுஞ்சாலையோரம் ஒரு டயர் கடையில் சேர்ந்திருந்தேன். ஒர்டென்சியா பரியென்டோஸை நாங்கள் டென்சா என்றுதான் கூப்பிடுவோம். கோழி இறைச்சி ஆலையில் வேலை பார்த்தவள். பிறகு பள்ளித் தெருமுனையில் 'நில்' பலகையைத் தூக்கிப் பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் வேலைக்கு வந்தாள். துப்பாக்கி கிடையாது, பையில் சூரியகாந்தி விதை மட்டும். லாரிக்காரர்களை அவள் திட்டுவது எங்கள் கடை வரை கேட்கும். அவள் நின்றவரை அங்கே ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. ஆனால் சம்பளம் தருவது நகரக் காவல்துறை. அதனால் அவளுடைய மஞ்சள் மேலங்கியின் தோளில் காவல்துறைச் சின்னம் தைத்திருந்தது.

அந்த ஆண்டுதான் மாநிலம் புதுச் சட்டம் போட்டது. ஊர்க் காவலர் தெருவில் நிறுத்தும் ஆளிடம் இந்த நாட்டில் இருக்க அனுமதிக் காகிதம் கேட்கலாம், இல்லாதவரை நாடுகடத்தப் பிடித்துக்கொடுக்கலாம்; கேட்காதே என்று எந்த நகரமும் தடுக்கக் கூடாது. எங்கள் நகரமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. கைதட்டிக்கொண்டது. பேருந்து நிறுத்தங்களில் 'இது எல்லோருடைய ஊர்' என்று சுவரொட்டி ஒட்டியது. அடுத்த வாரமே காவல்துறைத் தலைவர், சட்டப்படி நடப்போம் என்றார். மன்றத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுவரொட்டிகள் மட்டும் அப்படியே இருந்தன.

காகிதம் இல்லாத தாய்மார் சின்னத்துக்குப் பயந்து டென்சாவின் முனையைத் தவிர்த்தார்கள். எங்கள் கடைக்கு எதிரே, வண்டிகள் பறக்கும் இடத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மரிபெல்லின் அம்மா யெசேனியாவும் அப்படித்தான். ஒரு காலை, லாரி ஒன்று கிறீச்சிட்டு மரிபெல்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

டென்சா ஓடிவந்தாள்.

"ஏண்டி யெசேனியா, பைத்தியமா உனக்கு? நான் அங்க மரம் மாதிரி நிக்கறது எதுக்கு?"

"உன்னை நம்பறேன் அக்கா. உன் தோள்ல இருக்கறதை நம்ப மாட்டேன்."

"இதுவா? இது வெறும் துணிடி."

"அந்தத் துணி போட்டவன்தான் வண்டியில பின்விளக்கு எரியலைன்னு என் தம்பியை நிறுத்தினான். தம்பி இப்போ எந்த ஜெயில்ல இருக்கான்னே தெரியலை."

டென்சா தோளிலிருந்த சின்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டேய் எலியாஸ், பிளேடு குடு."

நின்ற இடத்திலேயே தையலை அறுத்துச் சின்னத்தைப் பைக்குள் திணித்தாள். செய்தி பரவியது. தாய்மார் ஒவ்வொருவராக முனைக்குத் திரும்பினார்கள்.

காவல்துறையிலிருந்து சார்ஜென்ட் டில்லர்டும் வந்தார்.

"சின்னம் இல்லாம நிக்கக் கூடாதும்மா. விதி."

"சின்னம் இருந்தா பிள்ளைங்க வராது சார். அப்புறம் காக்காய்க்கா பலகை தூக்கறது?"

"எல்லை தாண்டி வந்த உங்க ஜனங்களை நகரம் ஆதரிக்குதும்மா. தீர்மானம் படிக்கலையா?"

"படிச்சேன். அதைத் தூக்கிப் பிடிச்சா லாரி நிக்குமா?"

திரும்பத் தைத்துக்கொள், இல்லையென்றால் வேலையை விடு என்றார். டென்சா தைக்கவில்லை. மேலங்கியையும் பலகையையும் அன்றே பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது அந்த முனையில் யாருமில்லை. பிள்ளைகள் தாங்களாகவே லாரிகளுக்கு நடுவே ஓடுகிறார்கள்.

ஒர்டென்சியா பரியென்டோஸ் உடல்நலம் கருதித் தாமாகவே விலகினார், சேவைக்கு நன்றி என்று நகரம் அறிவித்தது. அது பச்சைப் பொய். அவளைத் துரத்தினார்கள். அவர்கள் தங்கள் கதையைச் சொல்லச் சுவரெல்லாம் வைத்திருக்கிறார்கள். டென்சாவுக்கு அது இல்லை. அதனால் இதைப் படித்த நீங்கள் நாலு பேரிடமாவது சொல்லுங்கள்.