பனி காயட்டும் ஐயா

மூன்று வருஷம் முன்னால், ஒரு மார்கழி மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாக நுழைந்து, பெர்மனென்ட் ஆகி, ரிட்டயர் ஆனதும் சொந்த மனையில் மாடி வீடு கட்டினேன். பிள்ளைகளை இன்ஜினியர் ஆக்கினேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. சும்மா உட்காரப் பிடிக்காமல் ஆடு வளர்த்தேன். அதிலும் சுற்றுவட்டாரத்தில் என் பட்டிதான் முதல். பக்ரீத் நெருங்கினால் பண்ருட்டி வியாபாரிகள் என் வாசலில் வந்து நிற்பார்கள்.

சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் எங்கள் ஊர் வாய்க்காலில் ஓடுகிறது. அதன் கரையில் எந்தக் காலத்திலும் பச்சைப் புல். விடியற்காலை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பார்த்துப் பழகிய உடம்பு என்னுடையது. பொழுது விடியும்போதே ஆடுகளை அங்கே ஓட்டிப் போய்விடுவேன். குடல் பூச்சிக்கு மருந்து ஊற்றுவதும் மாசம் தவறியதில்லை. இப்படிப் பார்த்துக்கொள்ள வேறு யாரால் முடியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த மார்கழியில் ஆடுகள் சாக ஆரம்பித்தன. தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி வீங்கும், தள்ளாடும், அடுத்த நாள் விறைத்துக் கிடக்கும். மருந்தை அடிக்கடி ஊற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை. கடைசியில் என் தாய் ஆடு கறுப்பியும் தீனியை விட்டுப் படுத்துவிட்டது. பட்டியில் பாதி ஆடு அதன் வயிற்றில் பிறந்தவை.

"இருக்கிறதையாவது கறிக்கடைக்குத் தள்ளிவுடுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "ஊர்ல எல்லாருக்கும் புத்தி சொல்லிகினு இருக்கீங்க. நம்ம ஆடு ஏன் சாவுதுன்னு மட்டும் தெரியல."

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கால்நடை மருத்துவம் படித்தவராம். ஆட்டின் குடல் புழுவைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஊர் ஊராகப் போய்ப் புழுக்கை சேகரிக்கிறாராம். எனக்கிருந்த எரிச்சலில், "புழுக்கை பொறுக்கவாம்மா இவ்ளோ படிச்ச?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கம்மாவும் இதையேதாங்க கேக்கறாங்க" என்று சிரித்தபடி கையுறையை மாட்டினார்.

கறுப்பியின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. பக்கத்தில் நின்ற கிடாவின் இமையோ நல்ல சிவப்பு.

"வயித்துல இருக்கிற புழு ரத்தத்தைக் குடிக்குதுங்க. மருந்து எவ்ளோ ஊத்துவீங்க?"

"ஆட்டுக்கு ஒரு மூடி."

"குட்டிக்கும் ஒரு மூடி, கிடாவுக்கும் ஒரு மூடியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். எடைக்குத் தகுந்த அளவு போகாததால் பிழைத்த புழுக்கள்தான் பெருகியிருக்கின்றன, இனி இந்த மருந்து அவற்றுக்கு வெறும் தண்ணீர் என்றார். எப்போது மேய்ச்சலுக்கு விடுகிறீர்கள் என்று கேட்டார். விடியற்காலைப் பெருமையைச் சொன்னேன்.

"அய்யோ! குட்டிப் புழுவெல்லாம் ஈரத்துல புல் நுனிக்கு ஏறி நிக்கற நேரமாச்சே. ஆட்டை ஒம்பது மணி ஜெனரல் ஷிஃப்டுக்கு மாத்துங்க. பனி காயட்டும் ஐயா."

பல நாள் கழித்து என் வீட்டுக்காரி அன்றைக்குத்தான் சிரித்தாள்.

புழுக்கையைச் சோதித்துவிட்டு வேறு மருந்து கொண்டு வந்தார். ஒவ்வோர் ஆட்டையும் எடை போட்டு, இமை வெளுத்தவற்றுக்கு மட்டும் ஊற்றினார். மற்றவற்றுக்கு வேண்டாம் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுங்களும் செத்தா யாரு பொறுப்பு?" என்றேன்.

"எல்லாத்துக்கும் குடுத்தா புழுவுக்கு இந்த மருந்தும் சீக்கிரம் பழகிப்போயிடும். அப்புறம் நானே கைய விரிக்கணுங்க. நல்லா இருக்கிறது நல்லாத்தான் இருக்கும், பாருங்க."

வாழ்நாளில் முதல் தடவையாக, புரியாத ஒன்றை இன்னொருவர் சொல்லுக்காகச் செய்தேன். சாவு நின்றது. கறுப்பி மட்டும் எழவில்லை. அந்தப் பெண் வழியில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார், தன் கையாலேயே கஞ்சி புகட்டுவார்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிய அன்றைக்கும் தோளில் பையோடு வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே, புதுச் சுடிதாரோடு பட்டித் தரையில் உட்கார்ந்து இமையை இழுத்தார்.

"ஐயா, சிவக்குது! ஓடியாங்க, சிவக்குது!"

குனிந்து பார்த்தேன். லேசான ரோஜா நிறம். என் கண் கலங்கியதை மறைக்க ஆட்டைத் தடவிக் கொடுத்தேன். ஆராய்ச்சிக்கு வேண்டிய புழுக்கை அவருக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவர் வந்தது ஆட்டுக்காக, எங்களுக்காக.

எல்லாம் நானே சம்பாதித்தது என்று பேசும் வாய் இது, இந்தக் கதையையே அப்படித்தான் ஆரம்பித்தேன், இந்த வயதில் மாறாது. ஆனால் இப்போது யார் வந்து என் பட்டியை மெச்சினாலும், அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுத்தான் என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.